ஷிஃப்டில் தங்கிய விரல்

அண்ணன் காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். வாயைத் திறக்கவில்லை, கத்தலெல்லாம் திரையில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்.

கம்ப்யூட்டரும் சளைக்காமல், 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"யார் மேலண்ணே இவ்வளவு கோபம்?" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

"சுண்டுவிரல் மேலம்மா. ஷிஃப்ட் பட்டன்ல உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேங்குது."

பக்கவாதம் வந்துபோன கை. நீண்ட லீவு முடிந்து இப்போதுதான் ஆபீஸுக்கு வருகிறார். மதியம் மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கப்போகிறார். சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை சரிப்படவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"வீட்டுல நிம்மதியா டிவி பார்க்கலாமேண்ணே."

"ரிமோட் மாமனார் கையில. நாள் முழுக்க சமையல் நிகழ்ச்சி ஓடுது. எனக்கோ உப்பில்லாச் சாப்பாடு."

அவள் சிரிக்கவில்லை. காலையில் அவருக்காகத் தானே லாகின் செய்து திறந்துவைத்த மெஷினின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

நீளமான கட்டளைகளுக்கு அண்ணன் வைத்திருந்த செல்லப்பெயர்கள், அதாவது அலியாஸ்கள், எல்லாம் சின்ன எழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்தில் ஒரு ஜோடி சேர்த்தாள். அண்ணன் அடித்துப் பார்த்தார், விரல் இந்தமுறை பாதியில் எழுந்துவிட்டது. பெரிதும் சிறிதுமாகக் கலந்து விழுந்த பெயரை, மறுபடி 'இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

"என் விரலுக்குக் கொள்கையே கிடையாதும்மா."

ஜோடிகளை அழித்தாள். தெரியாத பெயர் எது வந்தாலும், சின்ன எழுத்தாக்கி மறுபடி தேடு என்று நாலு வரி எழுதினாள். அதன்பிறகு அண்ணன் எப்படி அடித்தாலும் கம்ப்யூட்டர் கேட்டது. வீட்டில்கூட அவர் சொல்லுக்கு இந்த மரியாதை கிடையாது.

மதியம் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேக்கப் எடுக்கச் சொன்னார், எடுத்தது. பழைய பைல்களை நகர்த்தச் சொன்னார், நகர்ந்தன. திரையில் கோணல்மாணலாக விழுந்த எழுத்துகளைப் பார்த்து, "இது என்னண்ணே புது ஸ்டைல்?" என்றார். வேலை நடந்துவிட்டதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

"எனக்கும் உங்களை அனுப்ப மனசே இல்ல" என்றார். "கடைசியா ஒண்ணு. சர்வரை ஒருதரம் நிறுத்தி எழுப்பிடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

அண்ணன் அடித்தார். கம்ப்யூட்டர் உடனே கீழ்ப்படியவில்லை. பதிலுக்கு ஒன்றைக் கேட்டுவிட்டு மினுக்மினுக்கென்று காத்திருந்தது.

பக்கத்து சீட்டில் தட்டும் சத்தம் நின்றது. கம்ப்யூட்டர் கேட்டதில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. அவளுடைய நாலு வரி அங்கே செல்லாது.

மேனேஜர் மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் பார்க்கலண்ணே, பாஸ்வேர்டை அடிங்க."