மிச்ச நாற்று

ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கருவைக் கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று அண்ணன் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் என்றால் எங்கள் எம்.எல்.ஏ. துரைராசு. அவருக்குப் பேச்சு எழுதித் தருகிறவன் நான். மைக்கையும் நான்தான் பிடித்திருந்தேன். சில மாதங்களாக அவர் வலது கை நடுங்குகிறது.

போன வருடம் இதே பூதலூரில் இதே ஆராய்ச்சியைக் கொலை என்றார். விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்கிறவன் உழவனா என்று எழுதிக் கொடுத்திருந்தேன். விசில் பறந்தது.

அப்புறம்தான் கை நடுங்க ஆரம்பித்தது. இதை முழுசாகக் குணமாக்கும் மருந்து வந்தால் அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் வரும் என்று ஒரு டாக்டர் சொன்னாராம். பேச்சை மாற்று என்று அன்றைக்கே எனக்குப் போன் வந்தது.

ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டைப் பொத்தான் போடத் திணறுவதைத் தினமும் பார்க்கிறவன் நான்.

"நடவு முடிஞ்சு மிஞ்சுன நாத்த வரப்புல காயவிடுவோமா? பயிர் அழுகுன பக்கத்து வயலுக்குக் குடுக்கமாட்டோமா? குழந்தை சிகிச்சையில மிஞ்சுற கருவும் அப்படித்தான்யா!"

கைதட்டல் கிளம்பிய நேரத்தில் கரண்ட் போனது.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. மேடைக்குப் பின்னால் ஓடி, மகளுக்குப் போன் போடச் சொன்னார்.

"மதி, தஞ்சாவூர்லயும் கரண்ட் இல்லியா? அந்த ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் ஓடுதான்னு கேளும்மா. நம்ம புள்ளைங்க ரெண்டும் அந்தப் பெட்டிக்குள்ளதானே இருக்கு!"

மதிவதனிக்கு ஒரே பெண். நாலு வருடம் முன்பு அந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்துப் பிறந்தவள். மிஞ்சிய இரண்டு கருக்களை அங்கேயே உறையவைத்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

போனில் மதிவதனி சிரித்தது எனக்கே கேட்டது. அதற்குக் கரண்டே வேண்டாமாம், திரவ நைட்ரஜனில்தான் உறையவைத்திருப்பார்களாம். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கரண்ட் வந்தது. அண்ணன் தொடர்ந்து பேசுவார் என்று மைக்கில் அறிவித்தார்கள்.

அவர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, அந்த விதைநெல்லுப் பேச்சு இருக்கா?"

இருந்தது. அண்ணனிடம் வேலை பார்க்கிறவன் பழைய பேச்சைக் கிழித்துப் போடுவதில்லை.

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நடுங்கிய கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாங்கினார்.