கருணாகரனின் பதிலி

மனிதன் அழிந்தாலும் அவன் திறமைக்கு இனி அழிவில்லை என்று அந்தக் காலத்தில் அறிஞர்கள் முழங்கினார்கள். கருணாகரனும் தன் பன்னிரண்டு வருட ரம்மித் திறமையை தனக்குப் பதிலாக ஆடும் ஒரு கணினிப் பதிலிக்குக் கைமாற்றியிருந்தார். அதில் பெரும்பகுதி தோற்றதுதான். ஆனாலும் செல்போன் வழியே அவரைப் பார்த்துப் பார்த்துப் படித்த அந்தப் பதிலி, எட்டுச் சுற்று தாண்டி, ஐந்து லட்ச ரூபாய் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது.

மிச்சம் இருவர்தான். நூற்றொரு புள்ளியைத் தொட்டவர் வெளியே. பதிலிக்கு ஏற்கெனவே எண்பத்தைந்து. ஆனால் இப்போது விழுந்த கையில் மூன்று ஜோக்கர். இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஜெயித்த மாதிரிதான்.

"வசு, இங்க வா. வெட்டியா போனைத் தேய்க்கிறேன்னு சொன்னியே, வந்து பாரு."

"அடுப்புல குழம்பு இருக்குங்க."

"குழம்பு எங்க ஓடிடப் போகுது? வா."

வசுமதி கரண்டியோடு வந்து அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

பதிலி சட்டென்று சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு ஆட்டத்திலிருந்து விலகியது. விலகினால் இருபது புள்ளி. திரையில் கரண்ட் பில் கட்டும் பக்கம் வந்து நின்றது.

பன்னிரண்டு வருடமாக, அவள் எட்டிப் பார்த்தபோதெல்லாம் கருணாகரன் அதைத்தான் செய்துவந்தார்.