முன்வரிசையில் ஒரு நாற்காலி

"வாங்கம்மா, வாங்க!" என்று ஜெகதீஸ்வரன் கைகூப்பியதற்கு, அந்த அம்மாள் பதிலுக்கு ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. விடுவிடுவென்று உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. அஸ்தம்பட்டிப் பூங்காவுக்குள் இந்த மூங்கில் அரங்கத்தை எழுப்ப அவன் ஏறி இறங்காத வாசலில்லை. அனுமதி இன்றோடு முடிகிறது. அதிகாரி பாலசுந்தரம் விழாவைப் பார்த்து மனம் குளிர்ந்தால் இன்னும் ஆறு மாதம் நிற்கும்; இல்லாவிட்டால் நாளைக்கே பிரித்துவிட வேண்டியதுதான்.

அவருக்குப் பக்கத்து நாற்காலிதானா இவளுக்குக் கிடைத்தது? கசங்கிய சேலை, புழுதி அப்பிய கால், எண்ணெய் காணாத தலை. கிட்டே போனாலே பஸ் வாடை அடித்தது.

"ஆரு அது?" என்று மனைவி ஸ்ரீதேவியின் காதருகே பல்லைக் கடித்தபடி கேட்டான்.

"பரமத்தி வேலூர்ல இருந்து வந்துருக்குதாமுங்க. கேசரி குடுக்கறாங்கன்னு ஆராச்சும் சொல்லியிருப்பாங்க. தின்னுட்டுப் போயிரும், உடுங்க."

மேடையில் சலங்கைச் சத்தம் எழுந்தது. பாலசுந்தரம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "அழகாத்தான் இருக்குது. ஆமா, கட்டறப்ப ஏதோ ஆயிப்போச்சுன்னு சொன்னாங்களே?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க சார். மேல ஓலை கட்டுன ஆளு ஒருத்தன் வழுக்கி உழுந்துட்டான். அதெல்லாம் அப்பவே பேசி முடிச்சாச்சுங்க." ஜெகதீஸ்வரன் இளித்தான். "புள்ளைங்க ஆட்டம் எப்படீங்க சார்?"

ஆட்டம் முடிந்ததும் கைதட்டல் பொழிந்தது. அந்த அம்மாள் மட்டும் தட்டவில்லை. ஆட்டத்தையே பார்க்கவில்லை. கூரையைப் பார்ப்பாள், பிறகு அதற்கு நேர் கீழே தரையைப் பார்ப்பாள். பைத்தியமோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

ஸ்ரீதேவி கேசரித் தட்டை நீட்டினாள். அந்த அம்மாள் புறங்கையால் தள்ளினாள்.

"காப்பியாச்சும் குடிங்க."

"வேண்டாஞ் சாமி."

"ஒரு வாய் தண்ணி?"

அதற்கும் தலையை ஆட்டிவிட்டாள். "கொழுப்பப் பாத்தீங்களா?" என்று ஸ்ரீதேவி முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

பாலசுந்தரத்துக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் எழுந்தாள். போட்டோ எடுப்பவருக்குக் குறுக்கே நடந்து வெளியேறினாள். வாங்க என்று வரவேற்றவர்களிடம் 'வாரேன்' என்று ஒரு சொல் கிடையாது. இதெல்லாம் என்ன சென்மமோ என்று ஜெகதீஸ்வரன் கருவினான்.

நல்லவேளை, பாலசுந்தரம் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "இன்னொரு ஆறு மாசம் இருக்கட்டும் போங்க," என்று அவன் தோளைத் தட்டிக் கொடுத்தபடியே காரை நோக்கி நடந்தார்.

கார் நின்ற இடத்தில் குடிதண்ணீர்க் குழாய். அதனடியில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டிய சேலையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சேறு தெறித்துக் காரின் கதவில் வழிந்தது. ஜெகதீஸ்வரன் முன்னால் பாய்ந்தான்.

"ஏம்மா, நீயெல்லாம் மனுசியா? குடிக்கிற தண்ணிக் கொழாயில என்ன அசிங்கம் இது? ஊட்டுக்குப் போயிக் குளிச்சா ஆகாதா?"

அவள் நிதானமாகக் குழாயை மூடினாள். ஈர முந்தானையைப் பிழிந்தாள். முகத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"மேல ஓலை கட்டி உழுந்தவன் எம் பையந்தானுங்க."

காரில் ஏறக் காலைத் தூக்கிய பாலசுந்தரம் அப்படியே நின்றார். அவள் அரங்கத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"எழவு ஊட்டுக்கு வந்துட்டு, தல முழுகாம பஸ் ஏறலாமுங்களா சாமி?"