கடுகடு சிஸ்டர்

"நோய் வந்தது யாருக்கு? உங்களுக்கா, இவளுக்கா?"

சிஸ்டர் கேட்ட கேள்வியில் அம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி, "இல்ல சிஸ்டர், இவளுக்குச் சரியாச் சொல்லத் தெரியாது..." என்று இழுத்தாள்.

"அப்போ கத்துக்கட்டும். நீங்க வெளியே உட்காருங்க."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய். குணமாகிப் பத்து வருஷமாக ஒரு செக்கப்கூட விடாமல் கூட்டி வருகிறவள் அம்மா. டாக்டர் எதைக் கேட்டாலும் பதில் அம்மா சொல்வாள். இவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்ட அம்மாவை வெளியே அனுப்புவதா? வார்டுப் பிள்ளைகள் சும்மாவா 'கடுகடு' என்று பெயர் வைத்தார்கள்.

சிஸ்டர் விடவில்லை. என்ன மருந்து ஏற்றினார்கள், எத்தனை நாள், இனிமேல் எதைக் கவனிக்க வேண்டும் என்று குடைந்தார். மகள் திருதிருவென விழித்தாள்.

"அடுத்த மாசம் நீ வெளியூர் காலேஜ்ல இருப்பே. அங்கே டாக்டர் புதுசு. உனக்கு ஏத்தின சிவப்பு மருந்து, பல வருஷம் கழிச்சும் இதயத்தைப் பலவீனமாக்கலாம். நீ வாயைத் திறக்கலைன்னா அது அவருக்கு எப்படித் தெரியும்? நீயே சொல்லு, அப்புறம் உன் செக்கப்பை அங்கே மாத்தற கடிதத்துல கையெழுத்துப் போடறேன்."

வெளியே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்திலேயே மகள் முடிவுகட்டிவிட்டாள். இந்த சிஸ்டர் முன்னால் இனி ஒரு வார்த்தை தடுமாறக் கூடாது. ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு போய் வரி வரியாகப் படித்தாள். பல் தேய்க்கும்போதும் வாயில் மருந்துப் பெயர்தான்.

மறுவாரம் அம்மா கதவிடுக்கில் தலையை நீட்டி, "ஓரமா நின்னுக்கறேனே" என்று கெஞ்சினாள். சிஸ்டர் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

மகள் பேசினாள். நோயின் பெயரிலிருந்து இதயத்துக்கு அடுத்த ஸ்கேன் எந்த மாதம் என்பதுவரை ஒன்றையும் விடவில்லை. சிஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

"இன்னொண்ணும் சொல்லணும். எங்கம்மாவை நீங்க வெளியே அனுப்பினது தப்பு."

"சரி," என்றார் சிஸ்டர், சிரிக்காமல். "போய் சீல் போட்டுட்டு வா."

சீல் வாங்கித் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அம்மா, சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்தக் கொஞ்சம் தயங்கிட்டீங்களே சிஸ்டர், எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. எவ்வளவு கெஞ்சினாலும் என்னை உள்ளே விடாதீங்கன்னு முன்னாடியே சொல்லித்தானே வெச்சிருந்தேன்?"