முன்னால் பார்த்த அம்புக்குறி

கடற்கரை மணலில் ஓடும் நாலு சக்கர ஏடிவி வண்டியில், வெடித்துப்போன டயரைக் கழற்றிவிட்டுப் புதுசு ஒன்றை மாட்டினார்கள். வலது முன்டயருக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. உருள வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி பழைய டயர் மூன்றிலும் பின்னால் பார்த்தது. புதுசில் மட்டும் முன்னால்.

“இவன் ஆளே சரியில்லை,” என்று அது பின்டயர்களிடம் கிசுகிசுத்தது.

“அண்ணே, வண்டி முன்னாடிதானே ஓடுது?” என்றது புதுசு.

“பார்த்தீங்களா, வந்த அன்னைக்கே எதிர்த்துப் பேசுறான்!”

சாயங்காலம் மணல்மேட்டில் ஏறும்போது மூன்றும் வழக்கம்போல வழுக்கின. புதுசு மட்டும் மண்ணைக் கவ்விப் பிடித்து வண்டியை மேலே இழுத்தது.

வலது முன்டயர் குரலைத் தாழ்த்தியது. “இத்தனை வருஷம் எல்லாரும் ஒத்துமையா வழுக்கினோம். இவன் ஒருத்தன் மட்டும் வழுக்கலைன்னா, ஏதோ திட்டத்தோடதான் வந்திருக்கான்.”