எழுபத்தொன்றாம் நம்பர்

"அந்த எழுபத்தொண்ணாம் நம்பரை யாராவது தூக்கிப் போடுங்கடா!" என்று கத்தினாள் டார்லா. கத்திக் கத்தித் தொண்டை ஏற்கெனவே கட்டியிருந்தது.

முதியோர் இல்லத்தில் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, கண் மூடாமல் நேராக அரங்கத்துக்கு வந்திருந்தாள். அவள் கணவன் லைல் எங்கள் ஊர் 'தண்டர் மியூல்ஸ்' என்ற உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்தான். இடிக் கழுதைகள் என்று எந்த நேரத்தில் பெயர் வைத்தார்களோ, மார்ச்சில் பிறந்த அணி ஜூனில் உயிரை விடப் பார்த்தது. இன்றைய ஆட்டத்தோடு கடையைக் கட்டுகிறோம் என்று முதலாளி காலையில்தான் அறிவித்தார்.

இந்த மூன்று மாதத்தில் லைல் ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறங்கவில்லை. டயர் கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டுப் பயிற்சிக்கு ஓடுவான். ஆட்டத்தன்று பெஞ்சைத் தேய்ப்பான்.

"ஒரே ஒரு தடவை நீ ஆடி நான் பார்த்துடணும். அப்புறம் எல்லாத்தையும் மூட்டை கட்டிடலாம்" என்று டார்லா சொல்லி வைத்திருந்தாள். இன்று விட்டால் இனி வாய்ப்பே இல்லை.

ஆனால் இன்று பெஞ்சில்கூட அவனைக் காணோம்.

முன்வரிசைக்கும் களத்துக்கும் நடுவே இடுப்பளவு மெத்தைச் சுவர் மட்டும்தான். அதன்மேல் சாய்ந்து பயிற்சியாளர் ஹட்சின்ஸைக் கூப்பிட்டாள்.

"கோச், லைல் எங்க?"

"இங்கதாம்மா இருக்கான்" என்று தொப்பியைச் சரிசெய்தபடி நழுவினார் அவர்.

மனிதருக்கும் காலையிலிருந்து தலைவலிதான். வெளியூர் அணியின் இரண்டு வேன்களில் ஒன்று வழியில் மக்கர் செய்து நின்றுவிட்டது. ஆள் குறைந்தால் ஆட்டம் ரத்து என்று பேச்சு அடிபட்டது. எப்படியோ அவர்களுக்கு ஆள் கணக்கைச் சரிக்கட்டி, சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிட்டார்கள்.

"என்ன டார்லா, கடைசி நாள்ல உன் வீட்டுக்காரரை பெஞ்சுல இருந்தும் தூக்கிட்டாங்களா?" என்று சீண்டினாள் பக்கத்து இருக்கை வெல்மா.

டார்லாவுக்கு வந்த ஆத்திரமெல்லாம் வெளியூர் அணியின் எழுபத்தொன்றின் மேல் திரும்பியது. அந்தத் தடியன் நம் ஆட்களை ஒருவர் பாக்கியில்லாமல் சாய்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் எழுந்து, முன்வரிசையைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினான்.

"திமிரைப் பாரு, நம்மளைப் பார்த்து நக்கல் பண்றான்!" பாப்கார்னை வாரி அவன் ஹெல்மெட்டின் மேல் எறிந்தாள். "போடா தடிமாடு! உன்னை உங்க ஊர்லயே எவனும் சேர்த்துக்க மாட்டான்!"

கடைசி எட்டு நொடி. மியூல்ஸ் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்தோடு எதிர்முனை எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. நம் ஆள் ட்ரெவர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாகப் பாய்ந்தான். எல்லைக்கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது எழுபத்தொன்று வந்து மோதியது. இருவரும் சுவரைத் தாண்டி டார்லாவின் காலடியில் வந்து விழுந்தார்கள்.

சங்கு ஊதியது. ஆட்டமும் முடிந்தது, அணியும் முடிந்தது.

டார்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததெல்லாம் இதற்காகத்தானா? கைப்பையால் அந்தத் தடியனின் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"நல்லா இருப்பியாடா நீ?"

அவன் மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்தான். இரண்டு கையாலும் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"டார்லா, நான் ஆடினதைப் பார்த்தியா?"