சோடிப் படம்

அரியலூருக்குப் போட்டோ எடுக்கப் போகிறோம் என்றதும் பஞ்சவர்ணம் கூறைப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஒரு மாசத்து இருமலை மட்டும் வீட்டில் விட்டுவர முடியவில்லை.

“நகையெல்லாம் கழட்டிடுங்கம்மா,” என்றார் படமெடுப்பவர்.

“நல்லாருக்கே! கழுத்து மூளியா நிக்கவா இம்புட்டுத் தூரம் வண்டி கட்டிக்கிட்டு வந்தோம்?”

“சொன்னதக் கேளு புள்ள,” என்று கெஞ்சினான் புருஷன் அழகேசன்.

“கேக்கறேன். ஆனா ஒத்தையாப் படம் புடிச்சா ஆகாது. உங்களையும் எடுத்தாத்தான் நான் நிப்பேன்.”

படமெடுப்பவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இருவரும் ஒருவர்பின் ஒருவராகப் பலகையில் நெஞ்சை ஒட்டி நின்று மூச்சை அடக்கினார்கள்.

சாயங்காலம் டாக்டர் அழகேசனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“எக்ஸ்ரேன்னா வரமாட்டா டாக்டர். அதான் போட்டோன்னு பொய் சொன்னேன். சொல்லுங்க, அவளுக்குக் காசநோயா?”

“அவங்க நெஞ்சு சுத்தமா இருக்கு, வெறும் சளிதான். புள்ளி உங்க நெஞ்சுலதான் தெரியுது. ஆரம்பம்தான், குணமாக்கிடலாம்...”

முதல் வாக்கியத்திலேயே அழகேசன், “ஒனக்கு ஒண்ணுமில்ல புள்ள!” என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்திருந்தான். மீதியைச் சொல்ல டாக்டர் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.